கறுப்பு மழையில் ஒரு வரப்பு

என் மனைவியைக் கொன்றது நான்தான். அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, அவளுடைய கூடப்பிறந்த தம்பியின் கண் முன்னாலேயே கொன்றேன். பக்கத்தில் ஒரு தட்டு நிறையக் காரச்சேவு இருந்தது. அதையும் விட்டுவைக்கவில்லை.

"செத்துட்டியாக்கா?" என்று கேட்டான் ஜெயபாண்டி.

"ஒன் மச்சான் அப்படித்தான் சொல்றாக," என்றாள் கனகலட்சுமி.

"மூணுதான விழுந்துருக்கு," என்றேன் நான், மேஜையில் கிடந்த இருபது முகப் பகடையைக் காட்டி. "நடைபிணம் கழுத்தக் கடிச்சிருச்சு. இந்த ஆட்டத்துல செத்தா செத்ததுதான். மந்திரம், மருந்து ஒண்ணும் கெடையாது. கொடூரமான ஆட்டம்."

சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. கொடூரமான எதையும் நான் இதற்கு முன் நடத்தியதில்லை. கல்யாணத்தில்கூட என்னைப் பந்தியில் தண்ணீர் வைக்கத்தான் விடுவார்கள்.

ஜெயபாண்டி ஒரு கை காரச்சேவை அள்ளினான். தட்டைக் கொஞ்சம் நகர்த்து என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னான்: "அப்ப அக்கா வயக்காடு எனக்கு."

கனகு அவனைப் பார்த்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். பிறகு அவள் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனாள். ஒவ்வொரு படியிலும் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

செத்தவள் இப்படிச் சத்தம் போடலாமா என்று விதிப்புத்தகத்தில் பார்க்க நினைத்தேன். அவ்வளவு தைரியம் வரவில்லை.

அருப்புக்கோட்டையில் பந்தல்குடி ரோட்டில் எனக்கு ஒரு மோட்டார் வைண்டிங் கடை. கருகிப்போன போர் மோட்டார்களைப் பிரித்து, புதுச் செம்புக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் கொடுப்பது தொழில். தண்ணீர் இல்லாத குழியில் ஓட ஓடத்தான் மோட்டார் கருகும். ஆகவே ஊரே வானத்தைப் பார்த்து அழும் வருஷங்களில் நான் புது பைக் வாங்குவேன். இதனால் என் மேல் யாருக்கும் பெரிய மரியாதை இல்லை. எனக்கும்தான்.

என் மனைவிக்கு ஊர் எம்.ரெட்டியபட்டி. என் மாமனார் சின்னச்சாமி போன தை மாதம் இறந்துபோனார். ஊருக்கு மேற்கே அவர் விட்டுப்போனது மானாவாரிக் கரிசல். பாதியில் ஜெயபாண்டி பருத்தியும் சோளமும் மாற்றி மாற்றிப் போடுவான். கனகு பங்குக்கு வருகிற மீதியில் சீமைக்கருவேலம் தன்னைத்தானே போட்டுக்கொள்ளும். அவனுக்கு ரெண்டு பெண்பிள்ளைகள். விவசாயம் கைகொடுக்காத நாட்களில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். நல்ல பையன். அவனைப் பற்றி நான் கெட்டதாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் துணைக்குப் படுத்தவன் அவன்.

சோலார் கம்பெனிக்காரன் நிலம் கேட்டு வந்திருந்தான். பட்டா ஒரே பேரில் இருந்தால்தான் பேச்சு என்றானாம். அதனால் கனகு தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரத்தை ஜெயபாண்டி தட்டச்சே பண்ணிக் கொண்டுவந்துவிட்டான். கொண்டுவந்தவன் அவளிடம் கொடுக்கவில்லை. என்னிடம் கொடுத்தான்.

"மச்சான், நீங்க சொன்னா அக்கா தட்டாது. மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குப் பத்திர ஆபீஸ்ல டோக்கன் போட்டிருக்கேன். அது வந்து நின்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"நீயே கேக்க வேண்டியதுதானலே?"

"அக்காகிட்டப் போயி எப்படிக் கேக்குறது?" என்றான். எடுத்துக்கொள்வதில் அவனுக்குச் சங்கடம் இல்லை. கேட்பதில்தான்.

நான் அந்தப் பத்திரத்தைக் கடையில் வார்னிஷ் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். வைத்துவிட்டு, மறந்துவிட்டதாக எல்லோரிடமும் நடித்தேன். என்னிடமே நடித்தேன். ஒரு தடவை மட்டும், சோற்றைப் பிசைந்துகொண்டே, யாருக்கோ கேட்பதுபோலக் கனகுவிடம் கேட்டேன்: "பாண்டி பத்திரம்னு ஏதோ சொன்னான். என்ன செய்யப் போற?"

"ரசத்துல உப்பு போதுமா?" என்றாள் அவள்.

போதும் என்றேன். போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெயபாண்டி மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவான். சாப்பிட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். நான் மின்விசிறியைப் பார்ப்பேன். இது இப்படியே போனால் ஒருநாள் அவன் வாயைத் திறப்பான், அவளும் திறப்பாள், நான் நடுவில் மாட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைகளை எதையாவது போட்டு நிரப்ப வேண்டியிருந்தது. அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடும் கதை ஆட்டமாம். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் நடத்துநர். அவர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். சீட்டு இல்லை, காசு இல்லை, ஜெயிக்கிறவர் தோற்கிறவர் இல்லை. இருண்ட, அழுக்கான, நம்பிக்கைக்கு இடமில்லாத உலகம் என்று அட்டையில் போட்டிருந்தது. பெயர் 'கறுப்பு மழை'. நாலு பேர் சேர்ந்து பயந்துகொண்டிருந்தால் பத்திரத்தைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்? வாங்கிவிட்டேன்.

பெட்டி வந்ததும் இங்கிலீஷ் விதிப்புத்தகத்தைப் போனில் போட்டு மொழிபெயர்த்துப் படித்தேன். பாதி புரிந்தது. புரிந்த பாதி தப்பு என்பது பிறகு தெரிந்தது.

நாலாவது ஆளாகக் காசிராஜனைக் கூப்பிட்டேன். என் கடைக்குப் பக்கத்தில் லாரிக்கு லோடு பிடித்துக் கொடுக்கிற ஆபீஸ் வைத்திருக்கிறான். போனில் பேசியே தூத்துக்குடிவரை லாரிகளை நகர்த்துகிறவனுக்கு இந்த ஆட்டம் பிடிக்கும் என்று நினைத்தேன்.

கடை மாடியில், கம்பிச் சுருள்களை ஓரங்கட்டி மேஜை போட்டேன். காசிராஜன் பகடையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இந்த நெல்லிக்காய எங்கிட்டு உருட்டணும்?"

"இரு, மொதல்ல ஆளு உருவாக்கணும். நான் நடத்துநர்."

"கண்டக்டரா? அப்ப டிக்கெட்டக் கிழி."

அன்றிலிருந்து அவனுக்கு நான் கண்டக்டர்.

பாத்திரத்தை நாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. உருட்டினால் வருவதுதான். அழகான ராஜகுமாரன் எல்லாம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. காசிராஜனுக்குப் போலிச் சாமியார் வந்தது. கையிருப்பு ஒரு மணியும் ஒரு குப்பி விஷமும். "வேசமே போட வேண்டாம்," என்றான். ஜெயபாண்டிக்குப் போரிலிருந்து ஓடிவந்த சிப்பாய், முனை உடைந்த வாளோடு. கனகுவுக்குப் பிணம் புதைக்கிறவள். கையிருப்பு ஒரு மண்வெட்டி.

"ஊருக்கு ஒழைக்கிற வேலதான்," என்று மண்வெட்டியைக் குறித்துக்கொண்டாள்.

நான் குரலைத் தாழ்த்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். வெயில் இடுக்கில் வந்து சூழ்நிலையைக் கெடுத்தது, பரவாயில்லை என்று தொடங்கினேன்.

"இந்த தேசத்துல சூரியன் கெடையாது. ஏழு தலைமுறையா மழ பெய்யுது. ராத்திரி பகலா, நிக்காம பெய்யுது. அதுதான் இந்த மண்ணு மேல விழுந்த சாபம்."

மூன்று பேரும் கண்ணை விரித்து முன்னால் சாய்ந்தார்கள். பயம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"நிக்கவே நிக்காதா?" என்றான் ஜெயபாண்டி மெதுவாக.

"நிக்காது."

"சாபமாய்யா இது?" என்றான் காசிராஜன். "இத எங்கிட்டுப் போயி வாங்கணும்? சொல்லு, லாரி அனுப்புறேன்."

"கால வச்சா முழங்கால்வரைக்கும் கறுப்புச் சகதி," என்றேன், பிடி நழுவுவதை உணர்ந்து.

"கறுப்பா?" ஜெயபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். "கரிசலு! மச்சான், சீமக்கருவேலம் இருக்கா அந்த ஊர்ல?"

"புத்தகத்துல இல்ல."

"அக்கா!" என்றான். தீபாவளிக்குச் சட்டை எடுத்ததுபோல இருந்தது அவன் முகம்.

நான் விடவில்லை. "தூரத்துல எலும்பரசனோட கோட்டை தெரியுது. உள்ள பொதையல் இருக்கு. எல்லாரும் அங்க போறீங்க."

"போகல," என்றாள் கனகு.

"போகணும். அதுதான் கத."

"இந்த ஊர்ல நெலமெல்லாம் யாரு பேர்ல இருக்கு?"

புத்தகத்தைப் புரட்டினேன். பேய்களுக்கு நாற்பது பக்கம், கொப்புளம் வரும் நோய்களுக்கு ஆறு பக்கம். பட்டாவுக்கு ஒரு வரி இல்லை. "இருந்தவங்க செத்துட்டாங்க. மத்தவங்க ஓடிட்டாங்க. யாருதும் இல்ல."

அவள் பென்சிலை எடுத்து, நான் கஷ்டப்பட்டு வரைந்த வரைபடத்தில், கோட்டைக்குப் போகும் வழியை அடைத்து ஒரு சதுரம் போட்டாள். "இது என்னுது." ஜெயபாண்டி அதை ஒட்டி ஒரு சதுரம் போட்டான். நடுவில் வரப்புக்கு ஒரு கோடு. காசிராஜன் ரெண்டுக்கும் பொதுவாக ஒரு கோயில் போட்டு உண்டியல் வைத்தான். பருத்தியா, நெல்லா என்று பேச்சுப் போனது. ஏழு தலைமுறைத் துயரத்தை இவர்கள் அரைமணி நேரத்தில் ஒரு போகமாக மாற்றிவிட்டார்கள்.

ஆத்திரத்தில்தான் நடைபிணத்தை அனுப்பினேன். கொஞ்சம் பயப்படட்டும் என்றுதான். அது நேரே மண்வெட்டிக்காரியிடம் போனது. அவள் உருட்டினாள். மூன்று விழுந்தது. அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே.

செவ்வாய்க்கிழமை வார்னிஷ் காயட்டும் என்று உட்கார்ந்திருந்தபோது புத்தகத்தை மறுபடி படித்தேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நெஞ்சுரம் என்று ஓர் எண் உண்டு. பகடையில் அதைவிடக் குறைவாக விழுந்தால் தப்பித்தார்கள். குறைவாக. நான் தலைகீழாக வைத்து நடத்தியிருக்கிறேன். என்னைச் சொல்லியும் குற்றமில்லை. நம் பக்கத்தில் எது கூடுதலாக இருந்தாலும் நல்லதுதான், போர் போடுகிற ஆழத்தைத் தவிர. கனகுவின் நெஞ்சுரம் எட்டு. விழுந்தது மூன்று. அவள் நடைபிணத்தை மண்வெட்டியால் ரெண்டாகப் பிளந்திருக்க வேண்டும்.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். அவள் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"கனகு, ஒரு தப்பு நடந்துபோச்சு. நீ சாகல."

கிரைண்டரை நிறுத்தினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நான் சாகவே இல்ல."

"இல்ல."

"அந்த வயலு?"

"ஒன்னுதுதான்."

"ஒரு வார்த்த கேக்காம எடுத்துக்கிட்டான், பாத்தீகளா."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். "எந்த வயலச் சொல்ற?"

"தள்ளுங்க, மாவு வழியுது," என்று கிரைண்டரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் கேட்கக்கூடிய கேள்வி எதுவும் என்னிடம் இல்லை. "பாண்டிகிட்டச் சொல்லாதீக," என்று மட்டும் சத்தமாகச் சொன்னாள். "நானே சொல்லிக்கிறேன்."

அடுத்த ஞாயிறு, டோக்கன் போட்ட வெள்ளிக்கிழமைக்கு முந்திய ஞாயிறு. ஜெயபாண்டி சாப்பிடும்போதே என் முகத்தைப் பார்த்தான். "கடை மாடிக்குப் போவமா?" என்று நான் பாயசத்தோடு எழுந்துவிட்டேன்.

அவன் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தான். "மச்சான், போன வாரமே அக்கா வயலயும் சேத்து உழுதாச்சுன்னு வச்சுக்கோங்க. ரெண்டுலயும் பருத்தி. நடுவுல வரப்பு எதுக்கு வீணா?" ரப்பரை எடுத்து நடுக்கோட்டை அழித்தான். தூளை ஊதித் தள்ளினான்.

"சகதிக்குள்ள இருந்து ஒரு கை வெளிய வருது," என்றாள் கனகு.

"ஏய், அத நான் சொல்லணும்," என்றேன்.

"சொல்லுங்க. கை வருது. மண்வெட்டியோட வருது."

விதியை நான் விளக்கினேன். மூன்று என்றால் தப்பித்தாள், புதைந்துகிடந்தாள், எழுந்துவிட்டாள். என் முட்டாள்தனத்தைச் சுருக்கமாகச் சொல்ல முயன்றேன். காசிராஜன் அதை விரிவாகச் சொன்னான்.

ஜெயபாண்டி சிரித்தான். "அதெப்படிக்கா? நான் வெதச்சுட்டேனே!"

"என் வயல்ல வெதச்சிருக்க."

"நீ செத்துட்டேல்ல!"

"செத்துட்டேன்னு ஒன் மச்சான் சொன்னாக. நான் சொன்னேனா? என்கிட்டக் கேட்டியா?"

"சாமியாரு சொல்லட்டும்," என்று ஜெயபாண்டி காசிராஜன் பக்கம் திரும்பினான்.

காசிராஜன் இல்லாத மணியை ஆட்டினான். "செத்தவ சொத்து தம்பிக்கு. ஆனா, செத்தவ சாகல. அதுனால சொத்து கோயிலுக்கு."

"போலிச் சாமியாருன்னு சரியாத்தான் போட்டிருக்கு," என்றாள் கனகு. பென்சிலை எடுத்து, அழித்த இடத்தில் மறுபடி கோட்டைப் போட்டாள். இந்தத் தடவை அழுத்திப் போட்டாள். தாள் லேசாகக் கிழிந்தது.

ஜெயபாண்டியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கிவிட்டது. இதை எப்படியாவது பேய்ப் பக்கம் திருப்ப வேண்டும் என்று புத்தகத்தைப் புரட்டினேன். எலும்பரசனின் தண்டல்காரன் என்று ஒருவன் இருந்தான். எட்டடி உயரம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் மழை. வந்தால் கூட்டத்தில் ஓர் உயிரைக் கேட்பான். இவர்களுக்குத்தான் வயல் இருக்கிறதே, உயிருக்குப் பதில் வயலைக் கேட்கவைத்தால் எவ்வளவு பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது. நான் புத்திசாலித்தனமாக எதையாவது செய்யும்போது யாராவது என் கையைப் பிடிக்க வேண்டும்.

"தண்டல்காரன் வந்து நிக்கிறான். ரெண்டு வயல்ல ஒண்ண அரசனுக்கு எழுதிக் குடுங்க, மத்தத விட்டுர்றேன்கிறான்."

சொல்லி முடித்ததும் புரிந்தது. வார்த்தை வெளியே போய்விட்டது.

"அக்கா வயலக் குடுத்துருவோம்," என்றான் ஜெயபாண்டி உடனே. யோசிக்கவே இல்லை. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இப்போதும் சத்தியம் பண்ணுவேன். கையில் சூடு பட்டால் உதறுவதுபோல வந்தது. "அது சும்மாதான கெடக்கு."

காசிராஜன் எடுத்த காரச்சேவைத் தட்டிலேயே போட்டான்.

"சும்மா கெடக்கா?" என்றாள் கனகு. "எந்த வயலுடா சும்மா கெடக்கு?"

"ஆட்டத்தத்தான்க்கா சொல்றேன்."

"நானும் ஆட்டத்தத்தான் சொல்றேன். களையெடுக்கப் போனப்ப எங்காலுல பட்ட வெட்டு சும்மா பட்டுச்சா? அய்யா கூட நின்னு கடலச் செடி புடுங்குனவ யாரு? நீ அப்ப ஸ்கூல்ல இருந்த." அவள் குரல் உயரவில்லை. "குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க அவன்கிட்ட."

"யார்கிட்ட?" என்றேன்.

"தண்டல்காரன்கிட்டத்தாங்க."

"அவன் எட்டடி, கனகு. நீ தோத்துருவ."

"தோத்தா வரப்புலயே பொதைக்கட்டும். எறங்க மாட்டேன்."

சண்டை தொடங்கியது. சிப்பாய்க்கு ஒரு விதி உண்டு. போரில் ஓடியவன் என்பதால், ஆபத்து வரும்போதெல்லாம் நின்று சமாளிக்க உருட்ட வேண்டும். ஜெயபாண்டி உருட்டினான். பத்தொன்பது.

"ஓடுறான்," என்றேன்.

"யாரு, நானா? நான் ஓடலயே!"

"விதி மாப்ள. ஓடிட்ட."

"ஏலே, எழுதுன எழுத்தக் காப்பாத்திட்டியே," என்றான் காசிராஜன். தன் சாமியாரைக் கோயிலுக்குள் கதவைச் சாத்தி உட்காரவைத்திருந்தவன் அவன். ஜெயபாண்டிக்குக் காது சிவந்தது.

இப்போது வரப்பில் அவள் மட்டும். தண்டல்காரனுக்காக நான் உருட்ட வேண்டும். நடத்துநர் புத்தகத்தை மறைப்பாக நிறுத்திவைத்து, பின்னால் உருட்டலாம். யாருக்கும் தெரியாது. பகடையில் என்ன விழுந்தாலும் "தப்பித்தாய்" என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு தடவை அவளைத் தப்பாகக் கொன்றாயிற்று. ஒரு தடவை தப்பாகப் பிழைக்கவைத்தால் கணக்கு நேராகிவிடும்.

புத்தகத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனேன்.

"என்னங்க," என்றாள். "அத மடக்கி வைங்க."

"எத?"

"புத்தகத்த. எல்லாரும் பாக்குற மாதிரி உருட்டுங்க. எனக்காக மறச்சு மறச்சு ஒண்ணும் செய்ய வேண்டாம்."

பத்திரம் கீழே வார்னிஷ் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தகத்தைப் படுக்கவைத்தேன். மேஜை நடுவில் உருட்டினேன். பகடை காரச்சேவுத் தட்டில் இடித்து நின்றது. அடி விழுந்துவிட்டது. காயப் பட்டியலில் பார்த்தேன்.

"ஒரு காது போச்சு," என்றேன். என் காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒரு தாளில் இருக்கிற காதுக்காக.

"போகட்டும்," என்றாள். "தம்பி பேசுறது பாதிதான் கேக்கும். நிக்கிறேன்ல?"

"நிக்கிற."

"அப்ப என் மொற." உருட்டினாள். ஐந்து. எட்டுக்குள். மண்வெட்டி தண்டல்காரனின் முழங்காலில் இறங்கியது. ஆனாலும் அவன் விழவில்லை. அவ்வளவு சீக்கிரம் விழுகிறவனை எலும்பரசன் வேலைக்கு வைக்கமாட்டான்.

"மச்சான்," என்றான் ஜெயபாண்டி. மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "ஓடுனவன் திரும்பி வரலாமா?"

புத்தகத்தைப் பார்த்தேன். "வரலாம். மறுபடி உருட்டணும்."

உருட்டினான். ஏழு. அவனுடைய எண் ஒன்பது.

"வந்துட்ட. எங்க நிக்கிற?"

"வரப்புல."

"எந்தப் பக்கம்?"

அவன் வரைபடத்தின் மேல் குனிந்தான். கிழிந்த கோட்டுக்கு இந்தப் பக்கம், தன் சதுரத்தில், விரலை வைத்தான். "எம் பக்கந்தான்."

அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து அடித்தார்கள். உடைந்த வாள் ஒருமுறை, மண்வெட்டி ஒருமுறை. கடைசியில் சாமியார் கோயில் கதவைத் திறந்து குப்பியை எறிந்தார். தண்டல்காரன் மழைக்குள் கரைந்துபோனான். "அடுத்த தண்டலுக்கு வருவான்," என்றேன், கடமைக்காக. "வரட்டும்," என்றார்கள் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பெரிய பாடுபட்டார்கள்.

வெயில் இறங்கும் நேரத்தில் ஜெயபாண்டி ஆட்டோவைக் கிளப்பினான். சீட்டுக்குக் கீழிருந்து ஒரு பையை எடுத்துக் கனகுவிடம் நீட்டினான். மொச்சை. "வீட்டுல காச்சது," என்றான். போகாமல் நின்றான். "அக்கா, வெள்ளிக்கெழம..."

"பிள்ளைகளுக்குக் காரச்சேவு கட்டி வச்சிருக்கேன், எடுத்துக்கிட்டியா?" என்றாள்.

எடுத்துக்கொண்டான். ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சோலாருக்காரன் மாசக்கடைசிவரைக்கும்தான் பாப்பானாம்." அவள் தலையசைத்தாள். அது சரி என்பதற்கா, கேட்டது என்பதற்கா, எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. ஆட்டோ பந்தல்குடி ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் போய் மறைந்தது. அவன் பத்திரம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இப்படித்தான். நான் அதில் முதல் இடம்.

வெளியே வழக்கம்போல ஒரு சொட்டு இல்லை.

கடைக்குள் போனேன். வார்னிஷ் டப்பாவைத் தூக்கி, பத்திரத்தை எடுத்தேன். முதல் பக்கத்தில் டப்பாவின் அடிப்பாகம் வட்டமாகப் பதிந்து, காய்ந்து, கெட்டியாகிவிட்டிருந்தது. அவள் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சையை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் வைத்தேன்.

"ரசம், மாவு, மொச்சை எதையும் சொல்லாத," என்றேன். "நானும் மின்விசிறியப் பாக்கல. எனக்கு அவனும் வேணும், நீயும் வேணும், அதுனால இத்தன நாளும் வாயத் தெறக்கல. இப்பக் கேக்குறேன். நேராச் சொல்லு கனகு. போடப் போறியா, இல்லையா?"

அவள் கையிலிருந்த மொச்சையை உரித்து முடித்தாள். தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் போட்டாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த வட்டக் கறையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"போட மாட்டேன்," என்றாள். "விக்கணும்னு அவன் நெனச்சா, எம் பங்கு எம் பேர்ல இருக்கட்டும், அவன் பங்கு அவன் பேர்ல இருக்கட்டும், ரெண்டு பேரும் உக்காந்து பேசி விப்போம். இல்ல, ரெண்டு பேரும் கருவேலத்த வெட்டிட்டு வெதப்போம். எழுதி மட்டும் குடுக்க மாட்டேன். வெள்ளிக்கெழம நானே ஆபீசுக்கு வந்து, அவன் மொகத்தப் பாத்து இதச் சொல்லுவேன். நீங்க வண்டிய எடுங்க, போதும்."